கால் கட்டைவிரல்

வெள்ளிக்கிழமை நகம் வெட்ட மாட்டேன் என்றாள் மாரக்காள்.
பூம்பாறையிலிருந்து முதல் பஸ்.
முந்தானையில் பூண்டு வாடை,
தலையில் கம்பளிக் குல்லா.
கோர்ட் தாளில் இன்றைய தேதிதான் என்றேன்.
கொடைக்கானல் பெரியாஸ்பத்திரி ஜன்னலில்
மேகம் வந்து முட்டுவதைக் கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு
குல்லாவைக் கழற்றினாள்.

முடி, மாதத்துக்கு ஏறக்குறைய ஒரு சென்டிமீட்டர்.
உச்சிக்குப் பின்னால் பென்சில் கனம் வெட்டி
வேர்ப்பக்கம் நூல் கட்டி
அலுமினியத் தாளில் மடித்து மதுரைக்கு அனுப்பினால்
எந்த மாதம் உள்ளே என்ன போனது என்று
ஓரளவு படித்துவிடுவார்கள்.
அவள் தலையில் ஏழு சென்டிமீட்டர்.
கோர்ட் கேட்பது அதற்கும் முந்தைய தை.

தையில்தான் கைநாட்டு வைத்தாள்,
மூணு ஏக்கர் பூண்டுக் காடு, கொழுந்தன் பேருக்கு.
"அப்ப நான் முழிச்சே இல்ல சிஸ்டர்.
காப்பி குடிச்சா கண்ணு சொருகும்.
வாயோரம் எச்சி வழியும்."
மாத்திரையா, இவளுக்கா,
கண்ணால் கண்டதில்லை என்கிறது எதிர்த்தரப்பு.
பங்குனியில் வேண்டுதல் என்று பழனிக்குக் கூட்டிப்போய்
இடுப்புவரை கிடந்ததை மழித்துவிட்டார்கள்.
அந்தத் தையும் மாசியும்
எந்த ஏலத்தில் போய்
எவள் சவுரியில் தொங்குகிறதோ.

ஆகவே கால்.
கட்டைவிரல் நகம் அவசரப்படாது.
தை இப்போதுதான் நுனிக்கு வந்து சேர்ந்திருக்கும்.
மண் கழுவினேன். கொத்து பட்டு ஒரு ஓரம் கறுத்திருந்தது.
இறுகிய நகம், இரண்டு தடவை நழுவியது கத்தரி.

என் முடியை வெட்டினால் அதிலும் ஒரு பெயர் வரும்.
ஆறு வருஷமாக, ராத்திரி பத்து மணிக்கு,
நானே பிரித்து நானே விழுங்குவது.
அது இல்லாவிட்டால்
இந்தக் கத்தரியைப் பிடித்து உட்கார்ந்திருக்க மாட்டேன்.
அவளிடம் சொல்லவில்லை.

கார்த்திகையில் அறிக்கை.
என் மாத்திரையின் பெயரேதான்.
அளவு சொற்பம், ஆனால் உண்டு.
யார் கரைத்தது என்பதற்கு
அந்தப் படிவத்தில் கட்டம் கிடையாது.

மாசிக்கு வாய்தா போட்டார்கள்.
போன வியாழன் மாரக்காள் வந்திருந்தாள்,
சும்மாதான், மூணு பூண்டுக் கட்டோடு.
செருப்பைக் கழற்றிக் காட்டினாள்.
பாக்கி ஒன்பது விரலிலும் வெட்டவே இல்லை,
ராத்திரி கம்பளியில் மாட்டி இழுக்கிறதாம்.
"திரும்பக் கேட்டா குடுக்கணுமில்ல."