கால்வாய் உறைவதற்குள்

கெமித் துறைமுகத்துக்குப் பின்னால்
நீச்சல்குளக் கட்டிடத்தின் நிலவறையில்
வியாழன்தோறும் ஆறரை மணிக்கு
எங்கள் காலணிகளின் பனி
வாசலில் உருகும்.

குளோரின் வாடை. காப்பி.
ஏலக்காய் ரொட்டியை யார் சுட்டு வருகிறார்கள் என்று
யாரும் கேட்டதில்லை.
மெர்வி கடிகாரத்தைப் பார்ப்பதில்லை.
சம்பளத்துக்கு வருகிறவள்தான், ஆனாலும்
பிறர் மௌனத்துக்குள் உட்காரத் தெரிந்தவள்.
முதல் மாதம் நான் சொன்னது மூன்றே சொற்கள்:
உர்போ. ம். அடுத்தவர்.

பனியுடைக்கும் கப்பலில் இயந்திர அறை.
இருபத்திரண்டு குளிர்காலம்.
எண்ணெய்க் கந்தல் வாளியின் அடியில் போத்தல்.
ஆடியது கப்பல் அல்ல, நான்தான் என்று
மருத்துவர் சொன்னார், மனைவி சொன்னாள்.
காதில் விழுந்தது.
உள்ளே போகவில்லை.

பிறகு ஒரு வியாழன், ரைலி.
பள்ளிப் பேருந்து ஓட்டியவள்.
கண்ணாடி துடைக்கும் நீலப் புட்டியில்
வோட்காவை ஊற்றி வைத்துக்கொண்டதை
வானிலை அறிக்கை வாசிப்பதுபோல் சொன்னாள்.
பத்தொன்பது பிள்ளைகள்.
ஒருவருக்கும் ஒரு கீறல் இல்லை.
"அதுதான் என்னைத் தூங்கவிடுவதில்லை."

யாரும் ஐயோ என்று சொல்லவில்லை.
தாய்ஸ்தோ சர்க்கரைக் கிண்ணத்தை
அவள் பக்கம் நகர்த்தினான். அவ்வளவுதான்.
என் விலாவுக்குள் ஏதோ விரிசல் விடும் சத்தம்.
எனக்கு அந்தச் சத்தம் தெரியும்.
தொழில்.

அன்று வாளியைப் பற்றிச் சொன்னேன்.
ரைலி சிரித்துவிட்டாள்:
"வாளியா! எவனும் முதலில் தேடுகிற இடமாயிற்றே!"
பதினோரு ஆண்டு ரகசியம்
ஆறு பேரின் சிரிப்பில்
ஒரு காப்பிக் கறையளவுக்குச் சிறுத்தது.

உறைகடல் அறியாதவர்களுக்கு ஒன்று சொல்கிறேன்.
நாங்கள் வெட்டிய வழி நிலைக்காது.
பின்னால் வரும் சரக்குக் கப்பல்
சற்றே சோம்பினால் போதும்,
துண்டுகள் ஒன்றையொன்று தேடிப் பிடித்து
பழையபடி வெள்ளையாகிவிடும்.
கிட்ட வா, கிட்ட வா என்று
இரவெல்லாம் வானொலியில் கூப்பிடுவோம்.
எவ்வளவு தூரத்தில் இருக்கிறாய்,
கிட்ட வா.

பிப்ரவரியில் நீலோ வரவில்லை.
இருபத்துநான்கு வயது. மாத்திரைகள்.
தொலைபேசி அணைந்திருந்தது.
"வீடு தேடிப் போவது
என் வேலையில் எழுதப்படவில்லை" என்றாள் மெர்வி.
"உங்கள் வேலையில் என்ன எழுதியிருக்கிறதென்று
எனக்குத் தெரியாது."
மேலங்கிகளை எடுத்தோம்.

மைனஸ் இருபத்தேழு. மூன்றாம் மாடி.
கதவில் கடிதம் போடும் துளை.
தாய்ஸ்தோ மண்டியிட்டான்
(அவன் வலது முழங்கால் உலோகம்).
ஆறுதல் எதுவும் சொல்லவில்லை.
தான் மூன்றாம் முறை விழுந்த கதையை
நாள், கிழமை, கடைக்காரனின் சட்டை நிறம் உட்படத்
துளைக்குள் சொன்னான்.
முடிந்ததும் ரைலி மண்டியிட்டாள்.
பிறகு நான்.
உள்ளறையின் சூடு முகத்தில் அடித்தது.
நான் பேசியது என் மகளைப் பற்றி.
வட்டத்தில்கூடச் சொல்லாதது.
இங்கே எழுதவும் போவதில்லை.

கதவு திறக்கவில்லை.
யாரோ தரையில் உட்காரும் ஒலி.
முதுகு வந்து சாயும் ஒலி.
நாங்களும் சாய்ந்தோம்.
ஒரே மரப்பலகையில்
அந்தப் பக்கம் ஒன்று, இந்தப் பக்கம் மூன்று.

திறந்தானா என்று கேட்பீர்கள்.
விடியலில் திறந்தான்.
ஏப்ரலில் மறுபடி மூடினான்.
மறுபடி போனோம்,
இம்முறை தாய்ஸ்தோவின் முழங்காலுக்காக
ஒரு மடக்கு நாற்காலியோடு.

நேற்று இரவு இரண்டு பத்துக்கு
சமையலறைத் தொட்டியின் கீழே
வாளியை நகர்த்திப் பார்த்துக்கொண்டிருந்தேன்.
அங்கே ஒன்றுமில்லை.
ஒன்றுமில்லை என்று தெரிந்தேதான் குனிந்தேன்.
அழைத்தேன்.
நான்காவது மணியில் நீலோ எடுத்தான்.
வணக்கம் இல்லை, என்ன ஆயிற்று இல்லை.
தூக்கம் கலையாத குரலில்
ஒன்றே ஒன்று கேட்டான்:

"எவ்வளவு தூரத்தில் இருக்கிறாய்?"