சட்டைக் கணக்கு

முதல் மூன்று வருடம் ஸ்மால்தான் முதலில் தீரும்.
ஓஷ்கோஷ், ஷெபாய்கன், ரேசின்.
தேவாலயத்தின் நிலவறைகள், பவுலிங் கூடங்கள்,
மடக்கு மேசைக்குப் பின்னால் நான்.
மேசை நிறையக் கறுப்புச் சட்டைகள், நெஞ்சில்
'டென்டட் மெயில்பாக்ஸ்'.
வெண்டல் வேனைப் பின்னால் எடுக்கையில்
பக்கத்து வீட்டுத் தபால்பெட்டியை நசுக்கினான்,
பெயர் அப்படித்தான் வந்தது.
பெட்டிக்கான நாற்பது டாலரை இன்னும் கொடுக்கவில்லை.

அவன் பாடியதெல்லாம் ஒன்றுதான்:
விடுங்கள் என்னை, இந்த ஊரிலேயே செத்துவிடுவேன்.
மூன்று கார்டு, இரண்டரை நிமிடம், மூக்கால் ஒரு குரல்.
டாரியோ டிரம்மில் அடிக்கிற அடிக்குக்
குச்சி ஒடிந்து என் சில்லறை டப்பாவில் வந்து விழும்.

அப்புறம் அந்த ஒரு கோடை.
எந்த ரேடியோவைத் திருப்பினாலும் 'மார்லிஸ்'.
பெட்ரோல் பங்க் ரசீதின் முதுகில்
ஒன்பது நிமிடத்தில் எழுதிய பாட்டு.
கார் நிறுத்துமிடங்களில் மேடை, செருப்பை இழுக்கும் தார்,
மதியத்துக்குள் மேசை காலி.
நான் போட்டிருந்ததையே விலை கேட்டான் ஒரு பையன்.
கழற்றிக் கொடுத்துவிட்டுத்
துண்டைச் சுற்றிக்கொண்டு பேட்ஜ் விற்றேன்.

கம்பெனி முன்பணம் கொடுத்தது.
பின்னால் என்ன வரும் என்று
அந்தச் சொல்லே சொல்லியிருந்தது, யார் கேட்டோம்.
இரண்டாவது ஆல்பத்தில் வயலின் வைத்தார்கள்.
அதற்கு அடித்த சட்டை மூன்று பெட்டி என் கராஜில்.
எலி ஒன்றைக் கடித்துப் பார்த்தது,
மற்றதைத் தொடவில்லை.

ஒமாஹாவில் சிகரெட் வாங்கப் போகிறவன்போல
டாரியோ இறங்கிக்கொண்டான்.
இப்போது கடைகளின் குளிர்பெட்டி பழுதுபார்க்கிறான்,
மோட்டார் தாளம் தப்பினால்
வாசலிலேயே தெரிந்துவிடுமாம்.

ஏழு வருடம் மேசை மடிந்தே கிடந்தது.
பிறகு இருபதாம் ஆண்டு என்று ஒரு சாக்கு.

இப்போது முதலில் தீர்வது எக்ஸ்ட்ரா லார்ஜ்.
காதில் பஞ்சு வைத்துக்கொண்டு வருகிறார்கள்,
துள்ளுகிறார்கள், முழங்காலைப் பிடித்துக்கொள்கிறார்கள்,
குழந்தை பார்ப்பவளுக்கு மணிக்கு இருபது டாலர்,
ஒன்பதரைக்கு எல்லா முகத்திலும் போன் வெளிச்சம்.
வெண்டல் அதே ஊரில் வீடு வாங்கிவிட்டான்,
அம்மா வீட்டிலிருந்து இரண்டு தெரு.
நாற்பத்து மூன்று வயதில் மைக்கைப் பிடித்து
இந்த ஊரிலேயே செத்துவிடுவேன் என்கிறான்.
முன்பு அது மிரட்டல். இப்போது ஏற்பாடு.

கிரீன் பேயில், டிசம்பரில்,
பனி உதறிய கோட்டோடு ஒருத்தி வந்து நின்றாள்.
கார்டில் பெயர் பார்த்தேன்: மார்லிஸ் ஹவ்லிக்.
மகளுக்கு ஒரு ஸ்மால் வேண்டும் என்றாள்.
ஸ்மால் அடிப்பதை நிறுத்தி மூன்று வருடம் ஆயிற்று.
அந்தப் பெண் மீடியத்தை வாங்கிக்
கோட்டுக்கு மேலேயே மாட்டிக்கொண்டு
முன்வரிசைக்கு ஓடினாள், கை முழங்கைவரை தொங்க.

பாட்டு ஆரம்பித்தது.
அம்மா மேசையோடு நின்றுவிட்டாள்.
"ஜன்னலில் நின்று நான் அழவே இல்லை," என்றாள்.
"அன்றைக்கு எனக்கு ஜலதோஷம்."
சொல்லிக்கொண்டே லார்ஜ் சட்டைகளை எடுத்து
மீடியம் அடுக்கில் மடித்து வைத்தாள்.
நான் திருத்தவில்லை.