நடு உறுப்பு

மின்சாரம் ஏழு மணிக்குப் போனது.
ஷட்டரைப் பாதி இறக்கி
மி தோ ஒரு டார்ச்சைக் கயிற்றில் கட்டித் தொங்கவிட்டாள்.
மோல்மேனில் ஆனி பிறந்துவிட்டால் மழை யார் பேச்சையும் கேட்காது,
கூரைத் தகரத்தில் ஜல்லி கொட்டிக்கொண்டே இருக்கும்.

எனக்கு இருபத்தொன்பது வயது.
தேர்வுச் சீட்டில் என் பெயர் மா சந்தா வின்.
வீட்டில் வள்ளிக்கண்ணு.
எந்தப் பெயர் எதனோடு பெருகி நான் வந்தேன் என்று
இதுவரை ஒருவரும் கேட்டதில்லை.

பக்கம் நாற்பத்தொன்று, கணக்கு ஆறு.
ஆறு எக்ஸ் வர்க்கம், கூட்டல் பதினொரு எக்ஸ், கூட்டல் நாலு.
காரணிப்படுத்துக.

முதலையும் கடைசியையும் பெருக்கு, இருபத்துநாலு.
அந்த இருபத்துநாலைப் பெற்ற இருவர்
கூடி நின்றால் பதினொன்று ஆக வேண்டும்.
பெருக்கல் எனக்குத் தமிழில்தான் வரும்,
கோயில் ஞாயிறு வகுப்பில் ஒரு வாய்ப்பாட்டுக்கு ஒரு வடை.
கூட்டல் பர்மியத்தில். ரசீது எழுதிப் பழகிய கை.
ஈர்பன்னிரண்டு… மூவெட்டு…
நில்.
தோன். ஷிட். ஸெதித்.
இரண்டு மொழியும் ஒரே நேரத்தில் தலையாட்டின.

நடு உறுப்பை உடை என்கிறது புத்தகம்.
உடைத்தேன். மூன்று எக்ஸ் முன்னதோடு போனது,
எட்டு எக்ஸ் பின்னதோடு.
பொதுவானதை வெளியே எடுத்துவிட்டு
அடைப்புக்குறிக்குள் எட்டிப் பார்த்தால்
இரண்டு வீட்டிலும் ஒரே ஆள் உட்கார்ந்திருக்கிறார்:
இரண்டு எக்ஸ் கூட்டல் ஒன்று.

மி தோ நம்பவில்லை.
"காகிதம் எதையும் சொல்லும். தரையில் காட்டு."

ஆறு பெரிய சதுர ஓடு,
அதே நீளத்தில் விரலகலப் பட்டை பதினொன்று,
மூலைக்கு வைக்கும் பொடிச் சதுரம் நாலு.
பெரிய ஓட்டின் பக்கம் எத்தனை அங்குலம் என்றாள்.
தெரியாது. தெரியவும் வேண்டாம்.
லாரிக்கு லாரி அளவு மாறுகிறது,
இந்தக் கணக்கு அதற்கெல்லாம் கவலைப்படுவதில்லை.

இரண்டு வரிசை, வரிசைக்கு மூன்று.
வலப்புறம் எட்டுப் பட்டை நிமிர்ந்து நிற்க,
அடியில் மூன்று படுத்துக்கொள்ள,
மூலையில் நாலு பொடியும் அடங்கியது.
இடுக்கில் நகம்கூட நுழையவில்லை.
மி தோ செருப்பைக் கழற்றிவிட்டு
அதன்மேல் ஏறி நின்றாள்.

அப்போது குடையோடு ஒருவர் குனிந்து வந்தார்.
குளியலறையில் ஒரு பட்டை உடைந்துவிட்டதாம், ஒன்றே ஒன்று வேண்டுமாம்.
ரசீது. ஆயிரத்து இருநூறு கியாட்.
பதினொன்று பத்தாகி, தரையில் ஒரு பல் விழுந்தது.

போச்சா, என்றாள்.
இரு.
நாலாறு இருபத்துநாலு. லே, ச்சௌக். தஸெ.
எல்லாவற்றையும் கலைத்து மறுபடி அடுக்கினேன்.
வலப்புறம் நாலு, அடியில் ஆறு, மூலையில் பொடி நாலும் இரண்டுக்கு இரண்டாக.
வேறு செவ்வகம், அதே நெருக்கம்.
ஒன்று போனால் எல்லாம் போகும் என்று
என்னிடம் இத்தனை நாள் சொன்னவர்களை
ஒருமுறை இந்தக் கடைக்குக் கூட்டிவர வேண்டும்.

அந்தப் பெருமையில்தான் முழங்கை பட்டிருக்கும்.
இன்னொரு பட்டை நிமிர்ந்து, சாய்ந்து,
இரண்டாகக் கிடந்தது.

ஒன்பது.
ஓரிருபத்துநாலு, ஈர்பன்னிரண்டு, மூவெட்டு, நாலாறு.
எந்த ஜோடியும் கோவில் வந்து நிற்கவில்லை.
தமிழ் ஒரு பக்கம் பார்த்தது, பர்மியம் ஒரு பக்கம்.
இப்படி வைத்தோம், அப்படி வைத்தோம்,
எங்கே தள்ளினாலும்
ஒரு பட்டை அகலத்துக்கு சிமெண்ட் தெரிந்தது.

புத்தகத்தின் பின்பக்க விடைகளில்
இதற்கும் ஒரு வரி இருக்கிறது:
காரணிப்படுத்த இயலாது.
அப்படி எழுதினாலும் முழு மதிப்பெண்.

மி தோ சிரித்தாள்.
"உடைந்ததுக்குக் காசு யார் கொடுப்பது?"
பாதிப் பாதி என்றேன்.
அறுநூறு, அறுநூறு.
அது மட்டும் உடனே வகுபட்டது.