ஒன்பதாம் கட்டம்

மே முதல் வாரம். மழை விட்டிருந்தது.
ஓக் மரங்களின் கீழே சரிவு முழுக்க நீலம்,
யாரோ கொட்டிவிட்டுத்
துடைக்க மறந்ததைப் போல.
ரொவீனா முன்னால் போகிறாள், தோளில் கடப்பாரை.
பின்னால் நான்,
நிலப் பதிவு அலுவலகத்தின் ஒரே எழுத்தர்,
கையில் அட்டை, அட்டையில் படிவம்,
பென்சில் காதில்.

கட்டம் ஒன்று: பெயர்.
காமாஸ் என்று எழுதினேன்.
"அது வியாபாரிகள் வாயில் புழங்கிய பெயர்."
எங்கள் பெயரைச் சொன்னாள்.
அதன் நடுவே ஓர் ஒலி,
தொண்டைக்குள் சின்னக் கதவு சாத்துவது போல.
படிவத்தின் எழுத்துகளில்
அந்தக் கதவு இல்லை.
இடம் விட்டேன்.

கட்டம் இரண்டு எளிது. கிழங்கு.

கட்டம் மூன்று: இதைப் போலவே தோன்றும் பிற.
இங்கே அவள் குந்தி உட்கார்ந்தாள்.
நீலத்தின் நடுவே
ஒரு கொத்து வெள்ளை, பாலேடு நிறம்,
அடக்கமாக நின்றது.
பூ இருக்கும்வரை குழந்தைக்கும் தெரியும்.
பூ உதிர்ந்துவிட்டால்
இரண்டுக்கும் புல் போன்ற இலை,
வெங்காயம் போன்ற தோல்,
ஒரே மண், ஒரே ஆழம்.
ஒன்று
கல் சுட்ட குழியில் இரண்டு நாள் கிடந்தால்
கறுத்து, குழைந்து, வெல்லம்.
மற்றது
உதட்டை மரக்கவைக்கும், பிறகு மூச்சை.
ஆகவே இது தோண்டும் மாதமல்ல,
களையெடுக்கும் மாதம்.
கடப்பாரை இறங்கியது.
வெள்ளை வேரோடு வாளிக்குப் போனது.

போன ஆண்டு லாய்டு
வெள்ளைக்கெல்லாம் சிவப்பு நாடா கட்டினான்,
பிறகு பிடுங்கலாம் என்று.
நாடாவை மான் தின்றுவிட்டது.
அந்த ஆண்டு இந்தச் சரிவில்
ஒரு கிழங்கும் எடுக்கவில்லை யாரும்.
பசி பொறுக்கும். ஐயம் பொறுக்காது.

தலைநகர அருங்காட்சியகத்தில்
நூறு வயதுத் தாள் ஒன்றைப் பார்த்ததைச் சொன்னேன்:
நூலால் தைத்த காய்ந்த செடி,
பூ முழுவதும் தேநீர்க் கறை நிறம்.
நீலமா வெள்ளையா, தெரியவில்லை.
கீழே சாய்ந்த கையெழுத்தில்,
"உண்ணத்தக்கது. பழங்குடிப் பெண் ஒருத்தி சொன்னது."

ரொவீனா கடப்பாரையை நட்டுவிட்டுக் கேட்டாள்:
"எதைக் காட்டிச் சொன்னாளாம்?"
எழுதவில்லை.
"அவள் பெயர்?"
எழுதவில்லை.
"அவன் தின்று பார்த்தானா?"
அதுவும் இல்லை.
"பிழைத்தான்" என்றாள்.
வெகுநேரம் சிரித்தாள்.

நான்கு முதல் எட்டு வரை
அவள் சொல்லச் சொல்ல நிரப்பினேன்.
ஏழில் பாதியில் நிறுத்தி,
"இது போதும், மீதி எங்களுக்கு" என்றாள்.
அழித்தேன்.
அழித்த இடம் தாளில் சற்றே மினுங்கியது.

கட்டம் ஒன்பது: இடம்.
ஆறு தசம இலக்கம் வரை துல்லியம் தேவை.
என் கைபேசியை வாங்கித்
தன் சட்டைப்பையில் போட்டுக்கொண்டாள்.
வாளியை வண்டியில் ஏற்றினோம்.
பதினொரு நிமிடம் யாரும் பேசவில்லை.
பேரங்காடியின் வாகன நிறுத்தம்,
தள்ளுவண்டிகள் கோத்து நிற்கும் கொட்டகை ஓரம்.
கைபேசியைத் திருப்பிக் கொடுத்தாள்.
"இங்கே எடு."

இங்கே தார்தானே, என்றேன்.
"ஐம்பத்தாறு வரை இருந்தது.
எங்கே என்றுதான் கேட்கிறான்.
எப்போது என்று கேட்டானா?"

புரட்டிப் பார்த்தேன். கேட்கவில்லை.
ஆறு இலக்கமும் எழுதினேன்.
அலுவலகத்துக்கு அனுப்பியதும்
படிவம் பச்சைக் குறி காட்டியது.
எங்கள் இடத்துக்காக ஒரு கார்
விளக்கு மினுக்கிக் காத்திருந்தது.
ரொவீனா அவசரப்படவில்லை.

வாளியில் வெள்ளைப் பூக்கள்
இன்னும் வாடவில்லை.
அங்காடியின் குப்பைத்தொட்டியைக் காட்டினேன்.
"வேண்டாம்" என்றாள்.
"நாய் கிளறும்."