நூற்றுப் பத்து

புவெர்ட்டோ மோன்ட்டில்
மழை பெய்கிறது என்று யாரும் சொல்வதில்லை.
நின்றால்தான் சொல்வார்கள்.

நான்காம் ஜன்னலில் நான்.
கண்ணாடிக்கு அப்பால் எதுவினா கார்க்கமோ,
வயது அறுபத்து மூன்று.
சால்மன் ஆலையில் இருபத்தொன்பது வருஷம்
முள் எடுத்தவள்.
கத்தியைப் பிடித்திருப்பதுபோலவே
கட்டைவிரல் இன்னும் மடங்கியிருக்கிறது.
கையெழுத்துப் போட
மற்றக் கையால் பேனாவை அதற்குள் செருகிக்கொள்கிறாள்.

திரையில் வந்த தொகையை
நான் வாய்விட்டுச் சொல்லவில்லை.
திரையை அவள் பக்கம் திருப்பினேன்.
இந்த வேலையில் முதல் வாரமே
பழகிவிடுகிற கோழைத்தனம்.

வாசித்தாள்.
இன்னொரு முறை, உதடு அசைய.
"வாரத்துக்கா?"
மாதத்துக்கு, சென்யோரா.

அறை வாடகை, எரிவாயு உருளை,
ஜூலைக் குளிருக்கு விறகு.
மூன்றில் இரண்டு வாங்கலாம்.
எந்த இரண்டு என்பதில்
முழுச் சுதந்திரம் உண்டு.

"நடுவில் என்ன இத்தனை பூஜ்யம்?"
பதினேழு மாதம்.
மீன்களுக்கு நோய் வந்த வருஷமும் அடுத்த வருஷமும்.
சம்பளத்தில் பிடித்திருக்கிறார்கள்,
இங்கே கட்டவில்லை.
ரொட்டி உறையிலிருந்து சீட்டுகளை எடுத்து அடுக்கினாள்.
வாடை போகாத பதினேழு சீட்டு.
ஒவ்வொன்றிலும் பிடித்தம்,
ஒரு பெசோ பிசகாமல்.
அந்தக் கம்பெனி இப்போது இல்லையே என்றேன்.
"பலகைதான் மாறியிருக்கிறது.
அதே கேட், அதே காவலாளி,
அதே நாய்."

பிறகு கேட்டாள்:
"இருப்பதை இவ்வளவு மெலிசாகச் சீவுகிறீர்களே,
எத்தனை துண்டு போடுவதாக உத்தேசம்?"

ஆயுள் அட்டவணையைக் காட்டினேன்.
கடைசி வரி நூற்றுப் பத்து.

சிரித்தாள்.
வரிசையில் நின்றவர்கள் நிமிர்ந்து பார்க்கிற சிரிப்பு.
"அம்மா ஐம்பத்தெட்டில் போனாள்.
புருஷனை முப்பத்தாறில் கடல் எடுத்துக்கொண்டது.
என் நெஞ்சுப் படத்தைப் பார்த்த ஆலை டாக்டர்
ஒன்றும் சொல்லாமல்
ஜன்னலுக்கு வெளியே பார்த்தார்.
எனக்கு நூற்றுப் பத்து வயது ஆயுசு என்று நம்புகிறவர்
இந்த உலகத்தில் நீங்கள் மட்டும்தான்.
அவ்வளவு பிரியமா என்மேல்?"

அந்தப் பக்கத்தை அச்செடுத்துக் கேட்டாள்.
தரக்கூடாது என்று விதி இல்லை.
தந்தேன்.

மூன்று வாரம் கழித்து ஒரு செவ்வாய்.
கதவு திறந்ததும் முதலில் மீன்வாடை வந்தது.
பின்னால் முப்பத்தெட்டுப் பெண்கள்,
ரப்பர் பூட்ஸோடு, ஷிஃப்ட் முடிந்த கையோடு.
எல்லார் கையிலும் அட்டவணையின் நகல்.
அவரவர் வயதைச் சுற்றி
மீன்பெட்டியில் எண் போடும் நீல மையில் வட்டம்.
யாரும் கத்தவில்லை.
டோக்கன் எடுத்தார்கள்.
நாற்காலி தீர்ந்ததும் நின்றார்கள்.
ஒருத்தி பின் ஒருத்தியாக என் ஜன்னலில்
ஒரே தாளை நீட்டினார்கள்:

'நூற்றுப் பத்துக்கு முன்னால் நான் இறந்துபோனால்
மிச்ச வருஷங்களைப்
பக்கத்து மேசைக்காரிக்குக் கொடுக்கவும்.
பிடித்துவிட்டுக் கட்டாத மாதங்களை
நான் உயிரோடு இருக்கையில் எனக்குக் கொடுக்கவும்.
பெற்றுக்கொண்டதற்கு முத்திரை வேண்டும்.'

மேலாளர் அறைக்குள் தலைநகரத்தோடு பேசிக்கொண்டிருந்தார்.
கதவு சாத்தியிருந்தது.
முத்திரை என் மேசையில்.
பெற்றுக்கொண்டோம் என்றுதான் அதற்குப் பொருள்,
ஒப்புக்கொண்டோம் என்றல்ல.
குத்தினேன்.
இருபதாவதில் மை மங்கியது.
எதுவினா எச்சில் தொட்டுத் தரட்டுமா என்றாள்.
வேண்டாம், புட்டி இருக்கிறது என்றேன்.

மதியம் அவர்கள் போனபின்
ஆறு வருஷமாகத் திறக்காத
என் கணக்கைத் திறந்தேன்.
வயது நாற்பத்தொன்று.
சூப்பர்மார்க்கெட்டில் பில் போட்ட காலத்தில்
வரிசையாக ஒன்பது பூஜ்யம்.
அந்தச் சீட்டுகளை எங்கே வைத்தேன்?
வைத்தேனா?

ஐந்தாம் ஜன்னல்காரி
நாற்காலியைத் தள்ளிக்கொண்டு வந்து
என் திரையை எட்டிப் பார்த்தாள்.
நான்கு வருஷமாகப் பக்கத்தில் இருக்கிறாள்,
குடும்பப் பெயர்கூடத் தெரியாது.
ரொட்டியை மென்றபடி சொன்னாள்:
"எனக்குப் பதினான்கு."