முடியும் நேரம்

விண்ணப்பத்தில் ஏழாவது கட்டம்:
நிகழ்ச்சி முடியும் நேரம்.
ஒவ்வொரு மாதமும் அதில்தான் மாட்டிக்கொள்கிறேன்.

கோத்தகிரி காவல் நிலையம், வியாழன் காலை.
பெஞ்சில் ஈரக்குடைகள்.
ஸ்வெட்டருக்கு மேல் பெல்ட் கட்டிய ஏட்டு சம்பங்கி
பேனாவை உதறிவிட்டுக் கேட்கிறார்:
"ஃபங்க்னா என்னப்பா?"

முதல் அடி சம்மட்டி மாதிரி விழும் சார்,
மற்றதெல்லாம் அதைச் சுற்றி
ஒரு மயிரிழை தள்ளித் தள்ளி விழும்,
அந்தச் சந்தில் இடுப்பு தானாக நகரும்.
அவர் குனிந்து தன் இடுப்பைப் பார்த்தார்.
பெல்ட்டை ஒரு துளை இறுக்கினார்.

"எத்தனை பாட்டு?"
மூணு.
"மூணு பாட்டுக்கு மூணு மணி நேரமா?"
சில நாள் ரெண்டுதான் சார்.

நான் வாசிப்பவன் இல்லை.
ஒயர் சுருட்டுபவன், ஜெனரேட்டருக்கு டீசல் ஊற்றுபவன்,
விண்ணப்பதாரர் என்ற இடத்தில் கையெழுத்துப் போடுபவன்.
டிரம்ஸ் போஜன் கேரட் லாரியோடு மேட்டுப்பாளையம் இறங்கியிருக்கிறான்.
பேஸ் கிடார் ஜெசிந்தா இந்நேரம்
பல் மருத்துவரின் அறையில் யாருக்கோ
வாயைத் திறந்து பிடித்துக்கொண்டிருப்பாள்.
டிரம்பெட் எட்வினுக்கு இன்று மதியம் ஒரு சாவு.
கல்லறை வரைக்கும் ஊதிவிட்டு
ஆறு மணிக்கு ஒத்திகைக்கு வருவான், அதே உதடுகளோடு.

இந்த மாதம் நான்கு சனிக்கிழமைகள்:
எட்டு, பஜார் பேக்கரியின் மாடி.
கீழே வர்க்கி வேகும், மேலே தரை சுடும்,
செருப்பைக் கழற்றிவிட்டு ஆடலாம்.
பதினைந்து, அரவேணு ஷட்டில் கோர்ட்,
வெள்ளைக் கோடுகளின் மேல் ஜமக்காளம்.
இருபத்திரண்டு, குன்னூரில் பூட்டிக்கிடக்கும் ஒரு ஃபேக்டரி,
இலை வாட்டிய மாடியில் இன்னும் அந்தப் பச்சை வாசம்.
இருபத்தொன்பதுக்கு இடம் கிடைக்கவில்லை.
'இடம் பின்னர்' என்று அச்சடித்தோம்.
எல்லோரும் அதைத்தான் விசாரிக்கிறார்கள்.

போன மாதம் சரியாகப் பத்து மணிக்கு
படியேறி வந்து ஸ்விட்சைக் காட்டினார் ஒரு கான்ஸ்டபிள்.
அணைத்தேன்.
ஜெசிந்தாவின் விரல்கள் மட்டும் ஓடிக்கொண்டிருந்தன,
சத்தமில்லாமல்,
தண்ணீர் வற்றியது தெரியாத மீன் மாதிரி.
போஜன் நிறுத்தவில்லை.
தோலுக்கு எதற்குக் கரண்ட்?
எட்வின் ஜன்னல் பக்கம் திரும்பிப் பனிக்குள் ஊதினான்.
கூட்டம் கைதட்டியது,
எல்லோர் கையிலும் கம்பளி உறை,
யாரோ மெத்தை உதறுவது போல ஒரு ஓசை.
வாசலில் இரண்டு காட்டெருமைகள்
ஸ்கூட்டர்களுக்கு நடுவே நின்றுவிட்டதால்
யாரும் வீட்டுக்குப் போகவும் முடியாது.
சட்டம் ஒலிபெருக்கியைப் பற்றி மட்டும்தானே பேசுகிறது
என்று சொன்னேன்.
கான்ஸ்டபிள் யோசித்தார். அவரும்
பதினொன்றே முக்கால் வரை யோசித்துக்கொண்டிருந்தார்,
தொப்பி மடியில்.

"காலியா விடக்கூடாது தம்பி" என்கிறார் சம்பங்கி.
எங்கே முடியும் என்று போஜனுக்கே தெரியாது சார்,
நாலு பேரும் ஒருத்தரை ஒருத்தர் பார்ப்பார்கள்,
புருவம் தூக்கினால் இன்னொரு சுற்று.
"புருவத்தை எல்லாம் ஃபார்ம்ல எழுத முடியாது."
அவரே எழுதினார்: இரவு 10.00.
முத்திரை விழுந்தது,
முதல் அடி மாதிரி.

வெளியே தூறல்.
மைதாப் பசை இந்த ஊரில் காய்வதே இல்லை.
மருந்துக்கடைச் சுவரில் நேற்று ஒட்டிய போஸ்டரில்
கீழ்ப்பாதியைக் காணோம்.
தேதி இருக்கிறது, பேக்கரி மாடி இருக்கிறது,
எட்வினின் கன்னம் கூட உப்பலாக இருக்கிறது.
முடியும் நேரம் மட்டும்
பக்கத்தில் நிற்கும் செவலை மாட்டின் வாயில்.
பசைக்காகத் தின்றிருக்கிறது.
கண்ணை மூடி, தாடையை ஒரு பக்கமாக இழுத்து,
கொஞ்சம் தள்ளித் தள்ளி
அசைபோட்டுக்கொண்டிருக்கிறது.

குடையை மடக்கி, நின்று பார்க்கிறேன்.
அதற்கு ஒன்றும் அவசரமில்லை.