கடல் பார்க்கப் போன நாள்

தக்காளிப் பெட்டி நாற்பது ரூபாய்க்கு இறங்கிய வாரம்
வேனுக்குக் கொடுத்திருந்த முன்பணத்தைத்
திரும்ப வாங்கிக்கொண்டோம்.
மாமல்லபுரம், கலங்கரை விளக்கம், கடல் குளியல்,
ராத்திரி பத்துக்குள் சூளகிரி என்று
நோட்டீசில் போட்டிருந்தது.
பறித்ததை மாட்டுக்குக் கொட்டினோம்.
இரண்டு நாளில் மாடும் முகத்தைத் திருப்பிக்கொண்டது.

ஹன்சிதா மூன்றாம் வகுப்பு.
பாடப்புத்தகத்தில் சிவப்பும் வெள்ளையுமாய்ப் பட்டை போட்ட கோபுரம்.
அதன் உச்சியில் எண்ணெய்க் கறை,
அத்தனை முறை விரல் வைத்திருக்கிறாள்.
"போகலையா?" என்று ஒரே முறைதான் கேட்டாள்.
அதற்கப்புறம் கேட்கவில்லை.
அதுதான் திம்மராயனைத் தூங்க விடவில்லை.

ஞாயிற்றுக்கிழமை டிவிஎஸ் ஐம்பதைத் துடைத்தார்.
முன்னால் அவள் நின்றுகொண்டாள்,
பின்னால் நான், மடியில் சின்னவன்,
கொக்கியில் புளிச்சோற்று டப்பா.
எங்கே என்றதற்கு
"கடலுக்கு" என்று ஹெல்மெட்டுக்குள்ளிருந்து பதில் வந்தது.

கெலவரப்பள்ளி அணையில் ஷட்டர் திறந்திருந்தது.
தென்பெண்ணை வெள்ளையாகப் போனது.
ஆள் உயரத்துக்கு நுரை.
காற்றடித்தால் பாளம் பாளமாகப் பிய்ந்து
ரோட்டைத் தாண்டி ராகிக் காட்டில் உட்கார்ந்தது.
"அலை! அலை!" என்று ஓடினாள்.
தொடாதே என்று நான் கத்திய கத்தலில்
மீன் வறுக்கிறவள் கரண்டியோடு திரும்பிப் பார்த்தாள்.
சோப்பும் மருந்தும் கலந்த வாடை.
"கடல் இப்படியாம்மா நாறும்?"
தெரியாதே கண்ணு,
நானும் பார்த்ததில்லையே.
மீன்காரிதான் சொன்னாள்:
"எல்லாம் மேலேயிருந்து வர்ற கழிவு.
மீனு ஆந்திராவுது, பயப்படாம சாப்புடுங்க."

சாயங்காலம் ராயக்கோட்டை.
தொல்லியல் துறையின் நீலப் பலகையில்
யாரோ இதயம் கீறி 'வி' போட்டிருந்தார்கள்.
அடுத்த எழுத்துக்குள் ஆணி மழுங்கியிருக்க வேண்டும்.
சின்னவன் தோளிலேயே தூங்கிவிட்டதால்
நான் வண்டியோடு கீழே உட்கார்ந்துகொண்டேன்.
"விளக்கு எங்கப்பா இருக்கும்?"
"மேல."
சொல்லிவிட்டு என் பக்கம் பார்க்காமல் நடந்தார்.

பாறை சூட்டை விட்டது.
தருமபுரிப் பக்கமாய் ஒரு ரயில் போனது.
மண்டியில் காலிப் பெட்டிகளை எறிந்து எறிந்து
அடுக்கும் சத்தம் நின்றது.
இருட்டியும் வரவில்லை.
பாம்பு இருக்கும், படி வழுக்கும், இதென்ன புத்தி என்று
திட்டுவதற்கு வார்த்தைகளை எடுத்து வைத்திருந்தேன்.

உச்சியில் ஒரு வெளிச்சம்.
செல்போன் டார்ச்தான்.
அணைந்தது. எரிந்தது. அணைந்தது.
மூன்று எண்ணும்வரை இருக்கிறது,
இரண்டு எண்ணும்வரை இல்லை.
அவள்தான் கையால் மூடி மூடித் திறக்கிறாள்.

என் பட்டன் போன் வெளிச்சம் பத்தடி தாண்டாது.
ஸ்டாண்டு போட்டிருந்த வண்டியின் பெடலைத்
தோளில் பிள்ளையோடு மிதித்தேன்.
மூன்றாம் மிதிக்குப் பற்றியது.
ஆக்சிலேட்டரை முறுக்கினால் பிரகாசம்,
விட்டால் மங்கல்.
முறுக்கினேன். விட்டேன். முறுக்கினேன்.
மேலே எல்லாம் ஒரு நொடி நின்றது.
பிறகு கணக்கெல்லாம் விட்டுப்போய்
கண்டபடி எரிந்து எரிந்து அணைந்தது.

இறங்கி வந்தவர் முதலில்
டேங்கைத் திறந்து ஆட்டிப் பார்த்தார்.
"கிழிஞ்சது போ" என்றார்.
கடைசி நாலு கிலோமீட்டர் தள்ளிக்கொண்டு நடந்தோம்.
எடுத்து வைத்திருந்த வார்த்தைகளில் ஒன்றும்
ஞாபகம் வரவில்லை எனக்கு.
ஹன்சிதா முன்னால் டார்ச் பிடித்தாள்,
சார்ஜ் இருந்தவரை.

மறுநாள் அவள் பாவாடை ஓரத்தில்
வெள்ளையாய் ஒரு திட்டு.
காய்ந்த நுரை. இரண்டு முறை துவைத்தும் போகவில்லை.
"உப்பும்மா, கடலுப்பு" என்று
நாக்கை நீட்டிக் குனிந்தவளிடமிருந்து
வெடுக்கென்று பிடுங்கினேன்.